டிரினிடாட் கார்னிவலில் எல்லா வசதியும் தரும் பெரிய பேண்டுகள் இருக்க, குடும்பம் நடத்தும் சின்ன பேண்டில் சிலர் ஆண்டுதோறும் ஆடுவது ஏன்? வெறும் பழைய நினைவுப் பற்றுதானா?

உங்கள் கேள்வியில் இருந்த ‘வெறும்’ என்ற அந்த ஒரு சொல்தான் என்னை எழுத வைத்தது. நீங்கள் முதன்முறையாகக் கார்னிவலுக்குப் போக இருக்கிறீர்கள் என்றும், உடை, சாப்பாடு, குடிவகை, காவலர், கழிப்பறை வண்டி எல்லாம் அடங்கிய பெரிய பேண்டுக்குச் சில ஆயிரம் டிரினிடாட் டாலர் கட்டலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். கார்னிவல் என்பது கரீபியன் தீவான டிரினிடாட்டில் திங்களும் செவ்வாயும் நடக்கும் தெருத் திருவிழா. இங்கே பேண்ட் என்பது வாத்தியக் குழு அன்று. ஒரே கருப்பொருளில் வேடமணிந்து தெருவில் வரும் கூட்டம். வேடமிட்டு ஆடுவதை ‘மாஸ் ஆடுவது’ என்பார்கள்; நம் சினிமாச் சுவரொட்டிகளில் வரும் மாஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை, மாஸ்கரேட் என்பதன் குறுக்கம் இது. வேடங்கள் தயாராகும் இடம் மாஸ் கேம்ப். குடும்ப பேண்ட் என்றாலே சின்னது என்பதும் சரியன்று: எட்மண்ட் ஹார்ட், லில் ஹார்ட் தம்பதியர் நடத்திப் பின்னர் பிள்ளைகள் கைக்கு வந்த பேண்ட் ஊரறிந்த பெரிய பேண்ட். நான் சொல்லப்போவது நூறு பேர்கூடத் தேறாத ஒன்றைப் பற்றி.

கணக்காளர் வேலைக்காக 2012இல் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வந்த நான் பெல்மாண்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். மாலுமி வேடத்துக்குப் பேர்போன பகுதி அது. ஜேசன் கிரிஃபித் நெடுங்காலம் தம் மாலுமி பேண்டை நடத்தியதும் அங்கேதான். பக்கத்து வீட்டின் முன்கூடமே ஒரு மாஸ் கேம்ப். வீட்டுப் பெரியவர் குறடும் கையுமாகக் கம்பி வளைப்பார், மகள் தைப்பாள், பேரன்கள் பசை பூசுவார்கள், கணக்கும் அதட்டலும் பாட்டியின் பொறுப்பு. ஊரே அவரை டான்டி என்று அழைக்கும், அதாவது அத்தை. சத்தம் தாங்காமல் ஓர் இரவு முறையிடப் போன என் கையில் அவர் பசைக் கிண்ணத்தைக் கொடுத்து, களிமண் அச்சின்மேல் பழுப்புத்தாள் கீற்றுகளை ஒட்டச் சொன்னார். அடுத்த கார்னிவலில், கரோனி சதுப்புநிலத்துச் செந்நிற அரிவாள் மூக்கன் பறவையின் வடிவில் ஒரு தலையணியைச் சுமந்து, கைத்தடியைச் சுழற்றி, முகப்பவுடரை வாரி இறைத்தபடி நானும் மாலுமி வேடத்தில் ஆடினேன். தலை இருபத்திரண்டு அங்குலம் என்று டான்டி தம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

குடும்ப பேண்டை நான் தெய்வீகமாக்குவதாக எண்ண வேண்டாம். வேடம் ஒருபோதும் குறித்த நாளில் கிடைத்ததில்லை. ஒரு முறை ஞாயிறு நள்ளிரவுக்குப் பின் பசை காயாமலே வாங்கிச் சென்றேன். கழிப்பறைக்குத் தெரிந்தவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். இந்தக் குறைகளால் அலுத்துப்போய், அலுவலகத் தோழிகள் அழைத்ததும் 2017இல் ஒரு பெரிய பேண்டுக்கு முன்பணம் கட்டினேன், டான்டியிடம் சொல்லவில்லை. மணியும் இறகும் பதித்த அழகான உடை அது, ஆனால் அதன் தோள்வார் சரியாகத் தைக்கப்படவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் அரியாபிடா அவென்யூவில் அது அறுந்தபோது, பேண்டின் ஆட்களில் யாரிடம் போய்ச் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. பணம் கட்டியபோது என் பெயர் ஒரு ரசீது எண்ணாகியிருந்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு தெருவில் என்ன செய்வது?

பெரிய பேண்டுகள் போகும்போது, வெளியாட்கள் நுழையாதிருக்கக் காவலர்கள் நான்கு புறமும் கயிறு பிடித்து வருவார்கள். அவற்றின் இசை லாரிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து கடக்கும்வரை சின்ன பேண்டுகள் குறுக்குத் தெருவில் வெயிலில் காய வேண்டும்; இது ஆண்டுதோறும் நடக்கும் அநியாயம், யாரும் கண்டுகொள்வதாக இல்லை. அன்று அப்படிக் காத்து நின்றது எங்கள் மாலுமிக் கூட்டம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டான்டி பார்த்துவிட்டார். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவரைக் காவலர் தடுத்தபோது, “இது என் பிள்ளை, ஊக்குக் குத்திவிட்டுப் போய்விடுகிறேன்” என்று சொல்லி, தம் மாலுமிச் சட்டையிலிருந்து இரண்டு ஊக்குகளைக் கழற்றி என் தோள்வாரில் குத்தினார். “அசையாமல் நில், டூடூ” என்றதைத் தவிர என்னிடம் வேறொரு வார்த்தை பேசவில்லை. ‘டூடூ’ என்றால் செல்லம் என்று பொருள்.

அடுத்த ஜனவரியில் திட்டு வாங்கும் நெஞ்சுடன் கேம்புக்குப் போனேன். பேரன் மட்டும் என்னைப் பார்த்து மயில்போல ஒரு நடை நடந்து காட்டினான். டான்டி பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

2021இல் கோவிட் காரணமாகக் கார்னிவல் நடக்கவில்லை. அந்த ஓய்வில், மழைநீர் புகுந்து பழுதான கேம்பின் கணக்கு நோட்டுகளைப் புதிதாகப் படியெடுத்துத் தரும்படி டான்டி கேட்டார். கணக்காளராகச் சொல்கிறேன், அது பிழைக்கத் தெரிந்தவர்கள் எழுதிய கணக்கன்று. பெரும்பாலான ஆண்டுகளில் நஷ்டம். துண்டு விழுந்த தொகைக்கு எதிரே பெரியவரின் ஓய்வூதியம் வரவாக எழுதப்பட்டிருந்தது. பணம் கொடுக்காதவர்களின் பெயர்கள் அடிக்கப்படாமலே அடுத்த ஆண்டுக்கு ஏறியிருந்தன. 2017ஆம் ஆண்டுப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் பெயர் இருந்தது. தலை இருபத்திரண்டு அங்குலம். அதற்கு நேரே, “ஊரில் இல்லை.”

நான் எங்கே என்று அந்த ஆண்டு கேம்பில் கேட்டவர்களுக்கெல்லாம் டான்டி அந்தப் பதிலைத்தான் சொல்லியிருந்தார் என்று பின்னர் மகள் மூலம் தெரிந்தது. அந்த வரியை அப்படியே படியெடுத்தேன், திருத்தவில்லை.

இதை நினைவுப் பற்று என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு இது கொடுக்கல் வாங்கல், நான் இன்னும் கடன்காரி. பெரிய பேண்டில் ஆடுபவர்களை நான் குறை சொல்லவில்லை, என் தோழிகள் இன்றும் அங்கேதான் ஆடுகிறார்கள். நீங்களும் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் தயங்காமல் போய் ஆடுங்கள். உடையைத் திங்கட்கிழமைக்கு முன்பே போட்டுப் பார்த்து, தோள்வாரை இழுத்துச் சோதியுங்கள். நான்கு ஊக்குகளை உள்பக்கமாகக் குத்திக்கொண்டு கிளம்புங்கள்.