20,000 ரூபாய்க்குள் முதல் எலக்ட்ரிக் கிட்டார்: எதை வாங்கலாம்?

பெங்களூரில் வாடகை வீடு, கையில் 20,000 ரூபாய், எந்த எலக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முழுப் பணத்தையும் கிட்டாரிலேயே போட்டுவிடாதீர்கள். ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி), கேபிள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஹெட்போன் செருகும் வசதியுள்ள சின்ன ஆம்ப் போதும், பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தூங்குவார்.

யமஹா பசிஃபிகா 012 என் முதல் தேர்வு. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்கள் இதில் மூன்று. பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டார் உடலில் தாங்கி நிற்கும் இடம்) பக்கம் கனமான ஒலி தரும் ஹம்பக்கர், மற்ற இரண்டும் தெளிவான ஒலி தரும் சிங்கிள் காயில் என்பதால் மெல்லிசை, ராக் இரண்டுக்கும் ஒத்துவரும். ஃப்ளாய்ட் ரோஸ் (கம்பிகளைப் பூட்டி வைக்கும், அசையும் வகை பிரிட்ஜ்) உள்ள கிட்டார் மட்டும் வேண்டாம், ட்யூன் செய்யவே பொழுது போய்விடும்.

கடைக்கு நேரில் போங்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நேர்மேலே, கிட்டார் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். அப்புறம் அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) இரண்டும் ஒரே சுருதியாகக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அங்கேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள். கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டும்போது ஃப்ரெட் முனை கீறினால், தயங்காமல் வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.