தாலிக்கு என்றால் சரி, படிப்புக்கு என்றால் இலவசமா?

கேள்வி: வள்ளல் அழகப்பர் சொந்தச் சொத்தை எடுத்துக் காரைக்குடியில் கல்லூரி கட்டினார். இன்று அரசோ வரிப்பணத்தில் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. அது செல்போன் ரீசார்ஜுக்குத்தான் போகிறது. இந்த இலவசம் தேவையா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: அழகப்பரையே சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள், நல்லது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் எதற்குக் கொடுத்தார்? மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகம், அதாவது நம்ம சிக்ரி, காரைக்குடிக்கு வரவேண்டும் என்றுதான். தன் பணத்தைத் தூண்டிலாகப் போட்டு அரசுப் பணத்தை ஊருக்கு இழுத்த மனிதர் அவர்.

அந்த 1,000 ரூபாயும் 2022-ல் வானத்திலிருந்து குதிக்கவில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம். பட்டம் படித்த பெண் என்றால் 50,000 ரூபாய், தாலிக்கு 8 கிராம் தங்கம். அதைத்தான் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். 'தாலிக்கு இலவசமா?' என்று கேட்டு அப்போது உங்களிடமிருந்து ஒரு கார்டுகூட வந்ததாக நினைவில்லை. 2024-லிருந்து பையன்களுக்கும் இதே ஆயிரம் உண்டு. அதையும் ஏனோ விட்டுவிட்டீர்கள்.

சரி, ரீசார்ஜ். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குத் தினக்கூலிக்குப் போகிறவரின் மகள் கல்லூரிக்கு வருகிறாள் என்று வையுங்கள். பரீட்சைக் கட்டணம், ஜெராக்ஸ், மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அப்பாவிடம்தான் கை நீட்ட வேண்டும். வகுப்பு நோட்ஸும் ரிசல்ட்டும் போனில் வருகிற காலத்தில் ரீசார்ஜும் அந்தக் கணக்கில்தான் சேரும். மூன்று வருடத்துக்குக் கூட்டினால் 36,000 ரூபாய். நம் பக்கத்துக் கல்யாணத்தில் ஒரு வேளைப் பந்திக்கே காணாது.

குறை இல்லாத திட்டமா என்றால், இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. (அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளைப் பிற்பாடு சேர்த்தார்கள்.) கையில் நாலு காசு இருந்த நேரத்தில் மகளை இரண்டு வருடம் மெட்ரிக் பள்ளியில் போட்டு, ஃபீஸ் கட்ட முடியாமல் திரும்ப அரசுப் பள்ளிக்கே கூட்டி வந்த அப்பாக்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆயிரம் கிடையாது. முதல் பட்டதாரிச் சலுகையும் இன்ஜினியரிங் மாதிரித் தொழிற்படிப்புக்குத்தான். வீட்டிலேயே முதல் ஆளாக பி.ஏ. தமிழ் சேர்கிறவளுக்கு அதுவும் இல்லை. அடுத்த கடிதம் இதைப் பற்றி எழுதுங்கள், முதல் பக்கத்தில் போடுகிறேன்.