கை வீசினால்தான் கணக்கில் வரும்

கேள்வி: கையில் கட்டும் ஃபிட்னஸ் வாட்ச் காட்டும் அடிக் கணக்கை நம்பலாமா? நிறைய நடந்த நாளிலும் குறைவாகக் காட்டுகிறதே?

அந்தக் கணக்கை நம்பி என் அம்மா முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பினாங்கில் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது, இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். தங்கை ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். காலையில் பசியாறிவிட்டு, என் மகனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் தாவரவியல் பூங்காவில் முக்கால் மணி நேரம் நடப்பார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கும். "இவ்வளவுதானாப்பா நடந்தேன்?" என்று கேட்கும்போது அவர் முகம் வாடிவிடும். குறைந்ததை ஈடுகட்ட, ராத்திரியில் அடுக்குமாடி நடைபாதையில் மேலும் கீழும் நடந்திருக்கிறார். மூன்றே வாரத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. ஆனால் உட்கார்ந்து முறுக்கு மாவு பிசைந்த அன்று அதே வாட்சில் அடிகள் கூடியிருந்தன!

வாட்சுக்குக் காலைப் பற்றி எதுவும் தெரியாது. உள்ளே இருக்கும் முடுக்கமானி என்ற சின்னச் சில்லு மணிக்கட்டின் அசைவை மட்டும் அளக்கிறது. நடக்கும்போது கை வீசுவதால் அந்த அளவு சீராக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து அடியை எண்ணுகிறது. மாவு பிசைவதும் பஜனையில் கை தட்டுவதும் ஏறக்குறைய அதே தாளம்தான், அதனால் கணக்கில் ஏறிவிடுகின்றன. வண்டியின் பிடியைப் பிடித்த கை ஆடாது, அதனால் நடை விட்டுப்போகிறது. மெதுவாக நடப்பவர்களுக்கும் கைத்தடி ஊன்றுபவர்களுக்கும் இதே கதிதான். இன்னொன்று, பல வாட்சுகள் தொடர்ந்து சில அடிகள் வைத்த பிறகுதான் எண்ணவே தொடங்கும். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடப்பது இதில் கரைந்துபோகும்.

நானே சோதித்துப் பார்த்தேன். வாய்விட்டு எண்ணி 200 அடி நடந்தேன். கை வீசி நடந்தபோது வாட்ச் 194 காட்டியது. வண்டியைத் தள்ளியபோது வெறும் 58. அப்போதே சிலுவார் (கால்சட்டை) பையில் இருந்த கைப்பேசி 197 காட்டியது. தைப்பூசத்தில் தலையில் பால்குடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறுகிறவர் வாட்ச் கட்டியிருந்தாலும் இப்படித்தான், பெரும்பகுதி விட்டுப்போகும்.

சரி, என்ன செய்யலாம்? வண்டி தள்ளும்போது கைப்பேசியைப் பையில் வைத்து அந்தக் கணக்கைப் பாருங்கள், இடுப்பிலும் மாட்டலாம். செட்டிங்கில் எந்தக் கை என்று கேட்டிருந்தால் சரியாகக் கொடுங்கள், அதிகம் வேலை செய்யாத கையில் கட்டுங்கள். ஒரே மாதிரி நடந்த நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

அப்புறம், தினம் பத்தாயிரம் அடி என்ற அந்தக் கணக்கு. அம்மா அதை டாக்டர் வைத்த இலக்கு என்றே நினைத்திருந்தார். 1965-இல் ஜப்பானில் இடுப்பில் மாட்டும் ஓர் அடிமானியை 'மன்போ-கெய்' என்ற பெயரில் விற்றார்கள். 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள். அந்த விற்பனைப் பெயரிலிருந்து பரவிய எண் அது. இதைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இப்போது அவர் நேரம் பார்த்துத்தான் நடக்கிறார், காலையில் முப்பது நிமிடம். ராத்திரி நடை நின்றுவிட்டது. முழங்கால் வீக்கமும் வடிந்துவிட்டது.