மூக்கில் சின்ன தோல் புற்றுநோய், அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. எப்படித் தயாராவது, எத்தனை நாளில் ஆறும்?

"சின்ன ஆபரேஷன்தான்" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையால்தான் நான் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு மூக்கின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு மினுமினுப்பான மேடு. முகம் துடைத்தால் ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடியும் கசியும். பரு என்றே மாதக்கணக்கில் விட்டுவிட்டேன். சின்னத் துண்டு வெட்டிச் சோதிக்கும் பயாப்ஸியில், பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது. இது வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் இருக்கும் இடத்தையே அரித்துக்கொண்டு போகும்.

எனக்குச் செய்தது மோஸ் முறை. மெல்லிய அடுக்காக வெட்டி, அப்போதே நுண்ணோக்கியில் பார்த்து, மிச்சம் இருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி வெட்டுவார்கள். எனக்கு இரண்டு சுற்று. நடுவில் கட்டோடு வெளியே காத்திருக்க வேண்டும். அதனால் முழு நாளையும் ஒதுக்குங்கள், துணைக்கு ஒருவர் வரட்டும். தலை வழியாகக் கழற்றும் பனியன் வேண்டாம், முன்னால் பொத்தான் வைத்த சட்டை போடுங்கள். மரத்துப்போகும் ஊசி சுருக்கென்று எரியும். அதில் ரத்தக்கசிவைக் குறைக்கும் அடிரினலின் கலந்திருந்ததால் எனக்கு நெஞ்சு படபடத்தது. பயந்துவிட்டேன், சில நிமிடத்தில் அடங்கியது. அப்புறம் வலியே இல்லை. ஆனால் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும்போது முடி கருகுவது போல ஒரு வாடை, அதுவும் நம் மூக்கிலேயே. இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தப் பார்த்தேன், மருத்துவர் கடிந்துகொண்டார். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்று இரவு கட்டுத் துணியில் ரத்தச் சிவப்பு தெரிந்ததும் நிமிடத்துக்கொரு தரம் தூக்கிப் பார்த்தேன். அதுதான் தப்பு. கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் கண்ணுக்குக் கீழே வீங்கிக் கன்றிப்போனது. தலையணையை உயர்த்திப் படுத்ததில் குறைந்தது. வீட்டில் "காற்றாட விடு, காயட்டும்" என்றார்கள். காயவிடக் கூடாது. தினமும் மெதுவாகக் கழுவி வாசலின் தடவி மூடச் சொன்னார்கள், அப்படித்தான் ஆறியது. குனிந்து எடை தூக்கவும் தடை.

நான் மருத்துவர் இல்லை. "உயிருக்கு ஆபத்தில்லாத புற்றுநோய்க்கு இவ்வளவு நீட்டலா" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெரிய சிகிச்சை எடுப்பவர்களோடு நான் என்னை ஒப்பிடவில்லை. ஆனால் புற்றுநோய் என்ற வார்த்தையைத் தன் பெயரில் வந்த அறிக்கையில் படித்தவருக்கு அன்று இரவு தூக்கம் வராது. இதை அலுவலகத்தில் புரியவைக்க முடியவில்லை. ஒரு வாரம் விடுப்பு கேட்டதற்கு, கட்டுப் போட்ட முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். சான்றிதழ் கொடுத்த பிறகும்! அனுப்பினேன். அந்த அவமானம் தழும்பைவிட அதிகமாக உறுத்துகிறது.

எத்தனை நாள் என்றால், எனக்குத் தையல் பிரித்தது ஆறாம் நாள். சிவப்பும் தடிப்பும் குறைய மாதங்கள் ஆயின. மூக்கு நுனியில் மரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தழும்பு முழுதாகப் படிய ஒரு வருடம் வரை ஆகலாம். இது ஒருமுறை வந்தவருக்கு வேறு இடத்திலும் வரலாம் என்பதால் சன்ஸ்கிரீனையும் மறு பரிசோதனைகளையும் விடாதீர்கள்.

இன்னொன்று. மிளகளவு மேட்டுக்கு மிளகளவு தையல்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பக்கத்துத் தோலை நகர்த்தி மூடியதால் கன்னம் வரை தையல். கட்டைப் பிரித்துக் கண்ணாடியில் பார்த்தபோது கை நடுங்கியது. நீங்கள் ஊசி போடும் முன்பே ஒரு கண்ணாடியை வாங்கிக்கொண்டு, தையல் எங்கிருந்து எங்கே வரும் என்று பேனாவால் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.