பங்கு இல்லாதவளிடம் எதற்குக் கையெழுத்து?

வணக்கம் அம்மா. அப்பா போன வருடம் தவறிவிட்டார். நிலத்தை அண்ணன் பெயருக்கும் என் பெயருக்கும் மாற்றும் வேலை நடக்கிறது. அக்காவிடம் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும் என்கிறார்கள். அக்கா எதுவும் கேட்கவில்லை. அவள் கல்யாணத்துக்கு 30 பவுன் போட்டோம். உங்கள் கட்டுரைகளைப் படித்த பிறகு மனது உறுத்துகிறது. பெண்ணுரிமை பற்றி உண்மையிலேயே எனக்கு எதுவும் தெரியாது. எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?

த., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள தம்பி,

மனது உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதற்காகவே பதில் எழுதுகிறேன். புத்தகத்தைப் பிறகு பார்க்கலாம். "எனக்கு எதுவும் தெரியாது" என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் என் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்ததிலிருந்து இதே சொல்தான் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெட்டியின் அடியில், மஞ்சள் பைக்குள், 1984-ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம் இருந்தது. சொத்தில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் அது. தாத்தா சுயமாகச் சம்பாதித்தது 15 மா, அதாவது 5 ஏக்கர். பாட்டி முன்பே போய்விட்டாள். உயில் கிடையாது. அப்பா, சித்தப்பா, அத்தை என்று மூன்று பிள்ளைகள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனைப் போலவே மகளும் முதல் நிலை வாரிசு. ஆளுக்கு 5 மா.

அந்த 5 மாவைத்தான் அத்தை ஒரு காலைப்பொழுதில் எழுதிக் கொடுத்தாள். பத்திர எழுத்தர் மூச்சு விடாமல் வாசித்தார்: யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை. முதல் நாள் நாற்றுப் பறித்த சேறு அத்தையின் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. பெயரை எழுத்தெழுத்தாக எழுதி முடித்தவள், கடைசி 'ள்'ளுக்குப் புள்ளி வைக்க மறந்து, மறுபடி பேனாவை வாங்கி வைத்தாள். அப்பா அன்று அவளுக்குக் கூறைநாட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தார்.

அப்பா கெட்டவர் இல்லை. தங்கை மீது உயிரையே வைத்திருந்தார். ஆனால் மாமா இறந்த பிறகு, மகனின் படிப்புச் செலவுக்கு ஒரு மூட்டை நெல் கேட்க அத்தை எங்கள் திண்ணையில் மூன்று நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். தன் 5 மாவில் விளைந்த நெல்லை! பிற்பாடு அப்பாவிடம் கேட்டேன். "அவளுக்குப் பங்கு உண்டென்று அப்போது எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

யோசித்துப் பாருங்கள் தம்பி. பங்கு இல்லாதவளிடம் எதற்குக் கையெழுத்து வாங்கினார்கள்? தெருவில் போகிறவரிடம் யாராவது விடுதலைப் பத்திரம் வாங்குவார்களா? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று அப்பா நாளைக் குறித்துச் சொல்வார். பக்கத்து வயல்காரர் வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டார் என்று ஆறு வருடம் பேசாமல் இருந்தவர். குழிக்கணக்கு முழுவதும் விரல் நுனியில். அவருக்குத் தங்கையின் பங்கு மட்டும் தெரியாமல் போகுமா? தெரிந்துகொண்டால் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் தெரியாமலே இருந்துகொண்டார். நீங்களும் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். விடுதலைப் பத்திரம் என்ற சொல்லை எழுதிய கையாலேயே "எதுவும் தெரியாது" என்றும் எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

30 பவுன் பேச்சை விடுங்கள். உங்கள் படிப்புச் செலவை யாரும் உங்கள் பங்கில் கழிக்கவில்லை. அக்கா கேட்கவில்லை என்பதையும் விடுங்கள். நாளைக்கு அவள் பிள்ளைக்குக் காது குத்த மடியில் உட்காரவைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும், எப்படிக் கேட்பாள்?

பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு என்று 1989-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது, அன்றைக்கு மணமாகாதிருந்த மகள்களுக்கு மட்டும். 2005-இல் அந்த வேறுபாடும் போய், நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 2005-இல் அந்தச் சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும், தேவையில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. உங்கள் பக்கத்திலேயே, வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட அதே மண்ணில், காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது பெண்கள் பெயரில்தான் எழுதினார். இத்தனைக்கும் நடுவில் இருந்துகொண்டு ஒருவர் அறியாதவராக இருப்பதற்கு மிகவும் பாடுபட வேண்டும்.

புத்தகம் கேட்டீர்கள். உங்கள் வீட்டு மூலப் பத்திரத்தை எடுங்கள். அக்காவை வரச்சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, வரி வரியாக வாசியுங்கள். அவள் பங்கு எத்தனை மா என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவள் தருகிறேன் என்றால் அது அவள் விருப்பம். அத்தையிடம் அன்று அந்த எண்ணை யாருமே சொல்லவில்லை. எனக்கு அப்போது 16 வயது. அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று, பத்திரத்தை முழுவதும் படித்தேன்.

அன்புடன்,
அக்கா