பழ ஈ கலப்புச் சோதனையில் விகிதம் பிசகினால்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வெள்ளைக்கண் பெண் ஈயைச் சிவப்புக்கண் ஆணோடு சேர்த்தோம். முதல் தலைமுறையில் பெண்கள் சிவப்பு, ஆண்கள் வெள்ளை என்றுதானே வரவேண்டும்? எண்ணிய 112 ஈக்களில் 19 வெள்ளைக்கண் பெண்கள். எங்கே தப்பு?

பதில்: தாய் கன்னி ஈ இல்லை. கண்நிற மரபணு இருப்பது X குரோமோசோமில். மகளுக்கு ஒரு X அப்பாவிடமிருந்து வந்தே தீரும். அப்பா சிவப்பென்றால் மகளும் சிவப்பு. மகள் வெள்ளை என்றால் அப்பா வேறு. பழைய குப்பியிலேயே வெள்ளைக்கண் ஆணோடு அது சேர்ந்திருக்கிறது. பெண் ஈ விந்தணுவை நாள்கணக்கில் உடலில் சேமித்து வைக்கும். தாயின் முட்டை உருவாகும்போது இரண்டு X குரோமோசோமும் பிரியாமல் போவதாலும் வெள்ளைக்கண் மகள் பிறக்கும் (மரபியலாளர் பிரிட்ஜஸ் 1916இல் விளக்கியது), ஆனால் அது ஆயிரத்தில் ஒன்றுகூட இராது. 19 வரவே வராது. அந்தக் குப்பியைக் கழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் கன்னி ஈயை எப்படி உறுதி செய்வது, சார்?

பதில்: காலையில் குப்பியிலுள்ள ஈக்கள் அத்தனையையும் வெளியேற்றுங்கள். ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. 25 டிகிரியில் அடுத்த 8 மணி நேரத்துக்குள் வெளிவரும் பெண்களை எடுக்கலாம். 18 டிகிரியில் 16 மணி நேரம் வரை காத்திருக்கலாம். இரவு குளிரில் வைத்தால் காலையில் நிதானமாகப் பொறுக்கலாம் என்பதால் நான் சொல்வது அதைத்தான்.

உருப்பெருக்கியில் பாருங்கள்: உடல் வெளிறியிருக்கும், வயிற்றின் அடியில் தோலினூடே கரும்பச்சைப் புள்ளி தெரியும். புழுப்பருவக் கழிவின் மிச்சம் அது. பிறந்த புதிதில் ஆணின் வயிறும் வெளிறியே இருக்கும். நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள். முன்னங்காலில் கறுப்புச் சீப்பு இருந்தால் ஆண். பொறுக்கிய பெண்களை 3 நாள் தனியே வையுங்கள். முட்டை இருந்தால் பரவாயில்லை, கன்னியும் இடும். புழு நெளிந்தால் அந்தக் குப்பியையே கழித்துவிடுங்கள்.

கேள்வி: ஈக்களுக்கு வைக்கும் ரவை உணவில் பூஞ்சை பிடிக்கிறது.

பதில்: 1 லிட்டர் நீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், உறையவைக்கும் அகர் 10 கிராம், பூஞ்சையைத் தடுக்கும் புரோபியோனிக் அமிலம் 7.5 மி.லி. அமிலத்தைக் கொதியில் ஊற்றினால் ஆவியாகிப் போகும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஊற்றிக் கலக்குங்கள். குப்பியில் ஊற்றியபின் மெல்லிய துணி போர்த்தி ஆறவிட்டு, உள்சுவரில் வேர்த்த நீர் காய்ந்தபிறகே பஞ்சு அடைக்கவேண்டும்.

கேள்வி: மே மாதம் முட்டை இருக்கிறது, புழு வரவில்லையே மேடம்?

பதில்: 30 டிகிரியைத் தாண்டினால் ஆண்கள் மலடாகிவிடும். 25 டிகிரி இன்குபேட்டர் வேண்டும்; இல்லையென்றால் சோதனையைக் குளிர்மாதங்களுக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: குறுஞ்சிறகு ஈக்கலப்பின் இரண்டாம் தலைமுறையில் இயல்புச் சிறகுக்கும் குறுஞ்சிறகுக்கும் 3:1 வரவில்லை, குறுஞ்சிறகு குறைகிறது.

பதில்: முதல் 2 நாள் மட்டும் எண்ணியிருப்பீர்கள். குறுஞ்சிறகு பிந்தி வெளிவரும், நெரிசலில் பின்தங்கும், ஈர உணவில் ஒட்டிச் சாகும். பெற்றோரை 7ஆம் நாள் அகற்றி, 18ஆம் நாள் வரை தினமும் எண்ணுங்கள். அதற்குப் பின் எண்ணினால் அடுத்த தலைமுறை கலந்துவிடும். வெப்பம் ஏறினால் இந்தச் சிறகு நீளும் என்பதையும் மறக்கவேண்டாம்.

கேள்வி: மரபணுப் பிணைப்பை (ஒரே குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் சேர்ந்தே கடத்தப்படுவதை) அளக்க, கலப்பின ஆணைப் பயன்படுத்தலாமா அண்ணா?

பதில்: கூடாது. பழ ஈயில் ஆணுக்குக் குறுக்கேற்றம் (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடக்காது, ஒரே குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் எல்லாமே முழுப் பிணைப்பாகத் தெரியும். கலப்பினம் பெண்ணாகவே இருக்கட்டும்.