தோலடிக் கொழுப்பில் வரும் இரண்டு டி-செல் லிம்ஃபோமாக்களுக்கு என்ன வித்தியாசம்?

டி-செல் என்பது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணு. அது புற்றாக மாறினால் டி-செல் லிம்ஃபோமா. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பைப் பிடிக்கும் இரண்டு வகைகளை முன்பு ஒன்றாகவே எண்ணினார்கள். 2005-இல் வந்த தோல் லிம்ஃபோமா வகைப்பாட்டில்தான் பிரித்தார்கள்.

காரணம், செல்லின் மேலுள்ள ஏற்பி, அதாவது வெளிப்பொருளை அடையாளம் காணும் புரதம். ஆல்ஃபா-பீட்டா ஏற்பி உள்ளவை பெரும்பாலும் கொழுப்பை விட்டு நகர்வதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், சர்க்கரைத் துண்டை எறும்பு மொய்ப்பதுபோல் கொழுப்புச் செல் ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்து நிற்கும். கை, கால், வயிற்றுப் பக்கம் கட்டிகள் வரும், புண்ணாவது அரிது. இவர்களில் பெரும்பாலோர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். காமா-டெல்டா ஏற்பி உள்ளவையோ மேல்தோல் வரை ஏறும், புண்ணாகும், வேகமாக முற்றும்.

சரி, ஆரம்பத்தில் இரண்டுமே வெறும் கட்டிதானே? ஆமாம். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயில் வரும் கொழுப்பு அழற்சியும் அப்படித்தான் தெரியும். அதனால் கொழுப்பு வரை ஆழமாக எடுத்த பயாப்சி கட்டாயம் வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தால் பயனில்லை. காய்ச்சல் வந்து, ரத்த அணுக்களும் குறைந்தால், எந்த வகையானாலும் அவசரம்.

லிம்ஃபோமா என்றாலே உடனே கடுமையான கீமோ என்று பலர் நினைக்கிறார்கள். ஆல்ஃபா-பீட்டா வகையில், அந்த அவசர நிலை வராத பலருக்கு ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளில்தான் சிகிச்சை தொடங்குகிறது.